ஞாயிற்றுக்கிழமை பஸ்

கொடைக்கானலுக்குப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "யாருக்குச் சொவமில்ல?" என்பதுதான். முப்பதுகளில் எங்கள் குழித்துறைப் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பெட்டியைத் தூக்கினால் ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு, அதுவும் இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு. சும்மா ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வருவதற்காக ரயில் ஏறுவது என்பது யாரும் கேள்விப்படாத சங்கதி. ஒருத்தருக்கும் சுகக்கேடு இல்லை, ஊர் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போனது. சொன்னாலும் நம்பினார்களா? எனக்கு நெஞ்சில் ஏதோ நோவு என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

என் மாமியார் மட்டும் நேருக்கு நேராகவே கேட்டார். "மலை பாக்கணும்ணா முத்தத்துல எறங்கி நிண்ணு பாரு. இஞ்ச இல்லாத மலையா அங்க இருக்கு?" கேட்டது கேட்டாலும், பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரு வாரம் பார்த்துக்கொள்வதாக அவர்தான் ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷி, வாய்தான் என்னைப்போல.

என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூடத்தை நடத்திய துரைசாணி அம்மா கோடை தோறும் கொடைக்கானலுக்குப் போவார்கள். அந்த வருஷம் அவர்கள் தங்கள் தேசத்துக்குப் போகவேண்டி வந்ததால், பங்களாவின் பின்னால் உள்ள அறையில் நீங்கள் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள் என்று காவல்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஒரு சாயங்காலம் நடந்துபோனது கிடையாது. கடிதத்தை அவர் கொண்டுவந்து காட்டியபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, துள்ளிக் குதிக்கவேண்டும் போலவும் இருந்தது.

புறப்படுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிவிட்டு வரக் கொட்டாரத்துக்குப் போனோம். அப்பா சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்தபின் என் அக்காவும் அத்தானும்தான் அவரோடு இருந்தார்கள். யார் எங்கே போனாலும், எங்கிருந்து வந்தாலும், அப்பா கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எப்பம் பொறப்பட்ட?" சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. என்ன காரணம் என்றால், ஞாயிற்றுக்கிழமை பிரயாணம் கூடாது. ஓய்வுநாளில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டியதில்லை, கிணற்றில் தண்ணீர் இறைத்ததில்லை, மீன்காரி வாசலில் கூவினால் அவளை மறுநாள் வரச்சொல்வதற்குக்கூட யாரும் எழுந்து போனதில்லை. சனிக்கிழமையே ஆக்கி வைத்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துச் சாப்பிடுவோம். சின்ன வயதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பழைய சோற்று வாடைதான். முணுமுணுத்தால் அப்பா சொல்லுவார்: "நமக்காவ ஒரு வண்டிக்காரன் அண்ணைக்கு மாட்டப் பூட்டப்பிடாது மக்கா. அவனுக்கும் ஒரு நாளு வேணும், மாட்டுக்கும் வேணும்."

அதை அப்பா வெறும் வாயால் சொன்னவர் அல்ல. நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வந்து, என் சித்தப்பாவுக்கு மோசமாக இருக்கிறது என்றான். சித்தப்பா வீடு குழித்துறை ஆற்றுக்கு அந்தப் பக்கம். வண்டி பிடித்தால் பொழுது சாயுமுன் போய்விடலாம். அப்பா வண்டி பிடிக்கவில்லை. ஆராதனையை முடித்துவிட்டு, ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் போய்ச் சேருமுன் சித்தப்பாவின் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். வீங்கின காலோடு அப்பா திரும்பி வந்த அந்த வாரம், போதகர் இதைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார். இப்படியல்லவா ஒரு விசுவாசி இருக்கவேண்டும் என்றார். அப்பா முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்று சபை முழுக்க மெச்சியது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அப்பேர்ப்பட்ட அப்பாவிடம் கொடைக்கானல் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அவருக்கு லேசாக இருமல் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. "எப்பம் பொறப்படுக?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை, அப்பா."

"திரும்புகது?"

"அடுத்த திங்கக்கிழமை."

விரலை மடக்கிப் பார்த்தார். "ரெண்டுலயும் ஞாயிறு வரல்ல. நல்லது. போய்ட்டு வாருங்கோ," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஏதோ களவு கேட்கிறவரைப்போல, "அங்க கம்பிளிக் குல்லா கிடைக்குமாட்டி? காலம்பற ஜெபத்துக்கு எழும்பினா காதுல காத்து அடிக்கி," என்றார். அப்பா தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஊரைப் பற்றி எழுதவேண்டும் என்றால் எழுதிக்கொண்டே போகலாம். முதல் நாள் காலையில் தலைக்குத் தேய்க்கலாம் என்று எண்ணெய்க் குப்பியை எடுத்தால், உள்ளே தேங்காயெண்ணெய் வெள்ளை மெழுகாகி நிற்கிறது. எங்கள் ஊரில் மார்கழியில்கூட இப்படி அடிமுட்ட உறைந்து நான் பார்த்ததில்லை. கடைக்காரன் கொழுப்பைக் கலந்து தந்து ஏமாற்றிவிட்டான் என்று நான் குதித்தேன். என் வீட்டுக்காரர் குப்பியை வாங்கித் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு பிள்ளே. அதுக்குக் குளிருகு," என்றார். அவர் விளையாட்டாகப் பேசுவார் என்பதே எனக்கு அந்த ஊரில்தான் தெரியவந்தது. ஏரியைச் சுற்றி நடந்தோம். பேரிக்காயைக் கடித்துக்கொண்டே நடுரோட்டில் நடந்தோம். எங்கள் ஊரில் அப்படி நடந்திருந்தால் சபையில் விசாரணை வைத்திருப்பார்கள். ஒரு பாலத்தில் வழுக்கும் என்று அவர் என் கையைப் பிடித்தார், பாலம் முடிந்தபிறகும் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை தூண்பாறை பார்க்கப் போனோம். போனால் ஒரே வெள்ளை. மேகம் வந்து அடைத்துக்கொண்டு, முன்னால் பாறை இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேகம் விலகியது. ஆகாயத்தில் மூன்று பாறைகள் நின்றன. நான் வாயடைத்து நின்றேன். நான் வாயடைத்து நிற்பது அபூர்வம் என்று அவர் சொல்லிச் சிரித்தார். திரும்புகிற வழியில் கடைத்தெருவில் அப்பாவுக்குக் குல்லா வாங்கினேன். காதை மூடுகிற மாதிரி, தவிட்டு நிறம். என் கையை உள்ளே விட்டு எத்தனையோ தடவை பார்த்தேன், அத்தனை மெத்தென்று இருந்தது.

பங்களா வாசலில் காவல்காரர் தந்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத மனுஷர், ஆனாலும் தந்தி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்தார். அத்தான் அனுப்பியிருந்தது. அப்பாவுக்குக் கடுமை, உடனே புறப்படவும்.

அன்றைக்குக் கீழே போகிற கடைசி பஸ் போயிருந்தது. அடுத்த பஸ் மறுநாள் காலையில். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, பெட்டியை இழுத்துப்போட்டுத் துணிகளை அடுக்கினேன். காலை பஸ்ஸில் இறங்கினால் ரயிலைப் பிடித்து, திருநெல்வேலியிலிருந்து விடிகாலை பஸ் ஏறி, திங்கள்கிழமை உச்சிக்கு முன்னால் கொட்டாரம். ஒரு நாள் தள்ளினால் செவ்வாய்க்கிழமை. கடுமை என்று தந்தி வந்தவருக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு! என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஞாயிறு," என்றார், பைய.

"குழியில விழுந்த மாட்ட ஓய்வுநாளுல தூக்கலாம்ணு வேதத்துலயே இருக்கே. எங்கப்பா மாட்டவிடக் கீழயா?"

"நான் வேண்டாம்ணு சொல்லல்ல பிள்ளே. மாமா கேப்பாங்கல்லா, அதுக்கு என்னத்தச் சொல்ல?"

"நடந்தே எறங்குவோம். அப்பா நடக்கல்லியா?"

"எறங்கி? ரயிலயும் நாம தள்ளிக்கிட்டா போவோம்?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த செம்பைத் தரையில் போட்டேன். அவர் எழுந்து அதை எடுத்து வைத்துவிட்டு, "ஒனக்க அப்பா. நீ ஏறுவோம்ணா நானும் ஏறுகேன். சபையில கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுகேன்," என்றார். அதோடு அவர் பேச்சை விட்டுவிட்டார். அவர் தடுத்திருந்தால் சண்டை பிடித்தாவது போயிருப்பேன். என் கையில் விட்டுவிட்டார், அதுதான் வினையாகிப் போனது.

மறுநாள் காலை பஸ் நிற்கிற இடத்துக்குப் போனோம். பெட்டியை மேலே ஏற்றியாயிற்று. டிரைவர் கையில் காப்பியோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். கண்டக்டர் ஏறுங்கம்மா என்றார். நான் படியில் ஒரு காலை வைத்தேன். அப்போது என் மனசில் வந்தது கடவுளும் அல்ல, கட்டளையும் அல்ல. அப்பாவின் கட்டில்தான் வந்தது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். அப்பா கண்ணைத் திறக்கிறார். "எப்பம் பொறப்பட்ட?" என்கிறார். சாகக்கிடக்கிற அப்பாவிடம் நான் என்ன சொல்லுவேன்? பொய் சொல்லவா? நேற்றைக்கு என்று சொல்லி, அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால், அப்புறம் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? அவர் ஒரு ஆயுசு முழுக்கக் கட்டிக் காத்ததை அவரைப் பார்க்கும் சாக்கிலேயே நான் உடைத்துவிட்டு வந்து நிற்பதா? கால் மேலே போகவில்லை. கண்டக்டர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். நான் இறங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கூலியாளைக் கூப்பிடாமல் தானே மேலே ஏறிப் பெட்டியை இறக்கினார். ஏற்றுவதும் இறக்குவதுமாக இதென்ன விளையாட்டு என்று கண்டக்டர் ஏசினான், அதையும் வாங்கிக்கொண்டார். பஸ் புறப்பட்டு வளைவில் மறைகிற வரை அங்கேயே நின்றோம்.

ஆராதனைக்குப் போனோம். என்ன பாடினார்கள், யார் பிரசங்கம் செய்தார்கள், ஒன்றும் என் காதில் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்பாவை வைத்திரும் ஆண்டவரே, உமக்காகத்தானே தங்கியிருக்கிறேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். பிற்பகல் அறையில் அடைந்துகிடக்க முடியாமல் ஏரிக்கரைக்கு வந்தோம். அங்கே வெள்ளைக்காரர்கள் சிலர் ஆணும் பெண்ணுமாகப் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் அவர்களுடைய குதிரைகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்கள் வெயிலில் நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தேளா? நமக்கு ஓய்வுநாளச் சொல்லித் தந்த தேசத்துக்காரங்க. இவுகளுக்கு மட்டும் இண்ணைக்கு என்ன கிழமை?"

"சத்தம் போடாத பிள்ளே."

"போடுவேன்! எங்கப்பா இவுக சொன்னதக் கேட்டுத்தானே தம்பியச் சாகக் குடுத்தாரு?"

சொன்னபிறகு நானே பயந்துபோனேன். அப்படி ஒரு பேச்சு எனக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் என் தோளில் கையை வைத்தார், அந்த ஊருக்கு வந்தபின் அவருக்கு அது பழகியிருந்தது. அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை, உதறிவிட்டேன்.

திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினோம். குளிர் குறையக் குறைய, கூடையிலிருந்த எண்ணெய் உருகி, சரியாக மூடாத குப்பி வழிந்து, துணியெல்லாம் நனைந்துவிட்டது. குல்லாவை மட்டும் நான் மடியில் வைத்திருந்தேன். ரயிலில், திருநெல்வேலியில் காத்துக்கிடந்தபோது, ஆரல்வாய்மொழி கடந்து எங்கள் காற்று முகத்தில் அடித்தபோது, என் வாயில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "திங்கக்கிழமை காலம்பற பொறப்பட்டோம் அப்பா." அதை அவர் கேட்கவேண்டும், கேட்டுத் தலையை ஆட்டவேண்டும். அவ்வளவு போதும் என்று இருந்தது.

கொட்டாரத்தில் இறங்கியதும் ஓடினேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பந்தலின் கீழ் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. திங்கள்கிழமை பிற்பகல் அப்பா போய்விட்டார். கோடை வெயில், வைத்திருக்க முடியாது என்று அந்தியிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அக்கா உள்ளேயிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எப்பம் பொறப்பட்ட என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

அழுது ஓய்ந்தபிறகு அக்கா சொன்னாள். சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் இருந்தாளாம், ஆனால் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லையாம்.

தந்தி அடித்தாயிற்று என்று சனிக்கிழமை அத்தான் சொன்னதிலிருந்து அப்பா விரலை மடக்கிக்கொண்டே இருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவைப் பற்றிப் பேசினாராம். இத்தனை வருஷத்தில் அவர் வாயில் வராத பேச்சு. "அண்ணைக்கு ஒரு வண்டி பிடிச்சிருந்தா தம்பிக்க மொகத்த உயிரோட பாத்திருப்பேன். பெட்டிக்குள்ளயில்லா பாத்தேன்," என்றாராம். திங்கள்கிழமை காலையில் முகம் துடைத்துவிடச் சொல்லி, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாராம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும்.

அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள். "நேத்தைக்கு ஞாயித்துக்கிழமைல்லாப்பா. அவ எப்பிடி ஏறுவா?"

"ஏறியிருப்பா. எனக்க மகளுக்குப் புத்தி உண்டும்," என்றாராம் அப்பா.

பஸ் வந்தது. சத்தம் கேட்டதும் அப்பா தலையைத் தூக்கப் பார்த்தாராம். பஸ் நிற்காமல் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் வந்தது, அதிலிருந்து இறங்கியது வேறு யாரோ. அப்பா தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டாராம். பிறகு, "சொன்னதக் கேட்டுட்டாளே," என்றாராம். அதற்குப் பின் பேச்சு இல்லை.

"மெச்சிச் சொன்னாரா அக்கா?" என்று கேட்டேன். நான் ஏன் அப்படிக் கேட்டேன்? அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். திண்டாடிப்போய் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் குல்லாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பாவே, ஏறு என்று ஒரு தடவை நீங்கள் சொல்லியிருக்கக்கூடாதா என்று வாய்விட்டு அலறினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்காக ஆராதனையில் விசேஷ ஜெபம் வைத்தார்கள். புதிய போதகர், இளம் வயது. அப்பா தம்பிக்காக நடந்த கதையைச் சொன்னார். அதோடு விட்டாரா? தகப்பன் சாகக்கிடக்கிறார் என்று தந்தி வந்தும் ஓய்வுநாளில் பஸ் ஏறாத மகளின் கதையையும் சொன்னார். பெட்டியை ஏற்றியதும் இறக்கியதும் யார் மூலமாகவோ அவருக்குத் தெரிந்திருந்தது. தகப்பனைப் போலவே மகள் என்றார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

அப்பா இருந்த அதே முன்வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து அமுக்கினாள். "ஒனக்க அப்பாவுக்க அதே தாழ்மைட்டி ஒனக்கும்," என்றாள்.